மண் தின்ற துணி

கடை உரம் போடுவதை நிறுத்தியதிலிருந்து பூரணத்தின் வயல் செத்துவிட்டது, தன்னிடமே விற்றுவிடட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான் கொழுந்தன் பேச்சிமுத்து. சோதிக்க வந்த வேளாண் அதிகாரி, இருவர் வயலிலும் ஆளுக்கொரு பருத்தித் துணியைப் புதைத்தார். உயிருள்ள மண் துணியைத் தின்றுவிடும் என்றார்.

உளுந்து அறுத்ததும் தோண்டினார்கள். பூரணத்தின் குழியில் நைலான் தையல்நூல் மட்டும் மண்புழுக்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. பேச்சிமுத்துவின் துணியோ, உதறித் தோளில் போட்டுக்கொள்ளலாம் போல முழுசாக வந்தது. அவன் அதைத் திரும்பவும் குழிக்குள்ளேயே விரித்தான்.

“இன்னுங் கொஞ்ச நாள் கெடக்கட்டும், மதினி.”

“அந்த மண்ண மட்டும் போட்டு மூடாதீங்க,” என்றாள் பூரணம். “பொறுங்க, எங்க எருக்குழியில கொஞ்சம் அள்ளிட்டு வாரேன்.”