கரையில் ஆறு நாள்

"கப்பல்ல ஒரு ராத்திரி, கரையில ஆறு நாளுங்க பெரியப்பா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டு. போற எடத்துல கட்டில், மெத்தை, மூணு வேளைச் சோறு, எல்லாம் அவங்க பொறுப்பு."

லிங்கப்பன் இலங்கையிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மைசூர் சந்தேப்பேட்டை முழுவதும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டது. இன்று அண்ணன் சென்னப்பன் வீட்டுக் கூடத்தில் ஐந்தாவது தடவை. கேட்பதற்குப் பெரியப்பா தொட்டையன்கூட கொள்ளேகாலிலிருந்து மோட்டார் பஸ் ஏறி வந்திருந்தார்.

சென்னப்பன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வயதில் கோயம்புத்தூர் மண்டிக்கு வேலைக்குப் போனவர். நாலு வருஷம் கழித்துக் கைமுதலோடு வந்து மைசூரில் தானியக் கடை போட்டவர். தம்பியைப் படிக்க வைத்து, பட்டு வியாபாரத்தில் நிறுத்தியதும் அவர்தான். அவர் இருக்கும் கூடத்தில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இன்று ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. மனைவி பூவாத்தாள்கூட அடுப்பில் வைத்ததை மறந்து கொழுந்தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்கப்பன் கடலின் நிறத்தைச் சொன்னான். கண்டி ஏரிக்கரை ஓட்டலில் தசரா அரண்மனை போல விளக்கு எரிந்ததையும், தலைப்பாகைக்காரன் ஒருவன் காலையில் கதவைத் தட்டி சலாம் வைத்ததையும் சொன்னான். புத்தர் பல் கோயிலுக்குத் தன்னைக் காரில் அழைத்துப் போனார்கள் என்றான். கார் என்ற சொல்லை மட்டும் மூன்று முறை சொன்னான்.

"கொழும்புல எறங்கினதும் தரை ஆடுச்சாடா?" என்று கேட்டார் சென்னப்பன்.

"ஆமாங்கண்ணா, அரை நாள் காலே நிக்கல. உங்களுக்கு யாரு சொன்னது?"

"மண்டிக்கு வந்தவன் எவனோ."

"ஸ்ரீரங்கப்பட்டணத்துல பரிசல் ஏறச் சொன்னாலே பாலத்தைச் சுத்திப் போற ஆளு இவரு. கடலைப் பத்திக் கேக்கறாரு பாருங்க" என்றாள் பூவாத்தாள். கூடமே சிரித்தது.

சென்னப்பன் சிரிக்கவில்லை. அவருக்கு நெஞ்சு எரிந்தது. கையில் தூக்கி வளர்த்த தம்பி மேல் இப்படி எரியும் என்று அவர் நினைத்ததில்லை. ஒரு கடலைப் பார்த்துவிட்டு வந்து, அதை நடுக்கூடத்தில் உட்கார்ந்து தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறதே, அந்தக் கொடுப்பினை மேல்தான் பொறாமை.

லிங்கப்பன் அண்ணனுக்கென்று கொண்டுவந்த தேயிலை டப்பாவை எடுத்து நீட்டினான். அந்த வீட்டில் காபி உண்டு, ராகிக் கூழ் உண்டு. தேயிலை மட்டும் படி ஏறியதில்லை. அது சென்னப்பன் போட்ட சட்டம். காரணம் கேட்டவர் இல்லை. அவர் டப்பாவைத் தொடாமல், "அப்படி ஓரமா வை" என்றார். பூவாத்தாள், பார்த்தீர்களா என்பது போலப் பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றான் லிங்கப்பன். "கண்டி ஸ்டேஷன்ல நம்ம பக்கத்து ஆளுங்க ஒரு கூட்டம். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த கூலிங்க. ஒவ்வொருத்தன் கழுத்துலயும் நம்பர் போட்ட தகர வில்லை, சந்தை மாட்டுக்குக் கட்டின மாதிரி. அதுல ஒருத்தன் நம்ம பேச்சுல, எந்த ஊருங்கன்னு கேட்டான். நான் பதில் சொல்லாம வண்டி ஏறிட்டேன். நாளைக்குச் சொந்தம்னு சொல்லிட்டு வந்தா நம்ம மரியாதை என்னாவறது?"

"சரியாத்தான் செஞ்சே. நம்ம வம்சத்துல கூலிக்குக் கப்பலேறினவன் கிடையாது" என்று தொடையைத் தட்டினார் தொட்டையன். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

சொந்த ஊரான கொள்ளேகால் மாரியம்மன் திருவிழாவில் இவர்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வம்சத்தில் யாரும் செய்யாததை முதலில் செய்தவனுக்கே முதல் வெற்றிலை. மகாராஜா இருக்கிற ஊரில் முதலில் கடை போட்டவர் என்று இருபது வருஷமாக அது சென்னப்பனுக்குத்தான். வெற்றிலை வைக்கும் வெள்ளித் தாம்பாளமும் அவர் வீட்டில்தான் இருந்தது. இந்த வருஷம் கடல் தாண்டி வந்த தம்பிக்கு மாற்றுவதென்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள்.

"ஆனா முறைப்படி உன்னைக் கேக்கணும், சென்னப்பா" என்றார் தொட்டையன். "இவனுக்கு முந்தி நம்ம வம்சத்துல கடல் தாண்டினவன் யாராச்சும் உண்டா? இருந்தா வெத்தலை அவனுக்குத்தான். உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

இப்போது எல்லோரும் சென்னப்பன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் தம்பியின் கழுத்தில் மின்னிய தங்கச் சங்கிலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க பெரியப்பா. இவன்தான் மொதல்."

"அப்ப தாம்பாளத்தை உன் கையாலேயே எடுத்தாந்து குடுத்துடு."

சென்னப்பன் எழுந்து உள்ளே போனார். "வயித்தெரிச்சலுங்க மாமா, மொகமே கறுத்துப்போச்சு" என்று பூவாத்தாள் பெரியவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. முதுகு வளையாமல் நடந்தார்.

மரப்பெட்டியைத் திறந்து தாம்பாளத்தை வெளியே எடுத்தார். அதன் அடியில் ஒரு பழந்துணி முடிச்சு இருந்தது. அதை அவிழ்த்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி இறுக்கி முடிந்து வைத்தார்: கோயம்புத்தூர் மண்டிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய அந்தப் பதினெட்டாம் வயதில், தூத்துக்குடியில் கப்பலேற்றும் முன் அவர் கழுத்தில் கட்டிவிட்ட தகர வில்லை, நம்பர் இன்னும் அழியவில்லை.