மூச்சை எண்ணும் கை

எனக்கு டைபாய்டு கண்டபோது இந்தக் கை எந்த விமானத்தில் இருந்தது? பியூலா இதை அம்மாவிடம் கேட்டதேயில்லை. கட்டிலில் தூங்கும் அம்மா சாராளுக்கு இப்போது எண்பத்தொன்பது வயது. காயம்பட்ட சிப்பாய்களை ராணுவ விமானத்தில் கூட்டிவரும் நர்ஸாக முப்பது வருடம் இருந்தவள். பியூலா விடுதிகளில் வளர்ந்தாள்.

பார்க்க வந்திருந்த பழைய சிப்பாய் சோலைமலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எஞ்சின் இரைச்சல்ல ஸ்டெதாஸ்கோப்பெல்லாம் கேக்காது தாயி. நெஞ்சுல உள்ளங்கைய வச்சுத்தான் சிஸ்டர் மூச்சை எண்ணுவாங்க. எனக்குக் குண்டடி பட்டப்ப, லடாக் லேயிலருந்து சண்டிகர் வர்ற வரைக்கும் என் நெஞ்சுலருந்து கைய எடுக்கவே இல்ல. பெத்தவகூட அப்படி வைக்கமாட்டா.”

“வைக்கலதான்” என்றாள் பியூலா. அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

சிரிப்புச் சத்தத்தில் சாராள் கண்விழித்தாள். அவளுக்கு ஆட்களின் அடையாளம் மறந்து ஒரு வருடமாகிறது. தலையணையைச் சரிசெய்யக் குனிந்த மகளின் நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்து, “பயப்படாத தம்பி, இறங்கிருவோம்” என்றாள். உதடுகள் எண்ணத் தொடங்கின.

சோலைமலை தடுமாறி எழுந்து வந்தார். “என்னையத்தான் சொல்றாங்க தாயி. நீ செத்த நகந்துக்க.”

பியூலா அந்தக் கைக்குக் கீழே மெல்ல மூச்சை இழுத்து விட்டாள்.

“இல்லங்கய்யா” என்றாள்.