இன்னும் சுருக்கு

நாகஜோதியின் கை நடுங்கிய நடுக்கத்தில், பிடித்திருந்த தாள் விசிறியாகி மதுரை முழுக்கக் காற்று வீசியிருக்கும்.

பேராசிரியர் முத்துப்பாண்டி என்றால் சும்மாவா? பரீட்சை ஹாலில் பிட் வைத்திருப்பவனை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். அவர் தும்மினால் ஊர்க்கோடித் திருநகரில் படிக்கிற பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள்.

மதுரைக் கிணறுகளைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி அவள் எழுதிய கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. அதன் சுருக்கம் பிடிக்காவிட்டால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து விழாவிட்டால் அவளுடைய டாக்டர் பட்டம் கிணற்றில் போட்ட கல்தான்.

"இம்புட்டு நீளமா? சுருக்கும்மா!" என்று உறுமினார்.

அரைப்பக்கம் ஆக்கினாள்.

"இன்னும் சுருக்கு!"

"சார், இதுக்கு மேல சுருக்குனா தலைப்புதான் சார் மிஞ்சும்."

"தண்ணி ஏன் உப்பாகுதுன்னு ஒரு வரி, அதுக்கு என்ன செய்யணும்னு ஒரு வரி. அம்புட்டுதான்!"

இரண்டே வரிகளை எழுதி நீட்டினாள். வாசித்தவரின் முகம் வெளுத்தது. கையெழுத்து போச்சு என்று நினைத்தாள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கீழ ஹால்ல இப்பக் கருத்தரங்கு ஆரம்பிக்கப்போகுது, நாந்தான் இதப் பத்திப் பேசணும். கேள்வி வேற கேப்பாய்ங்களாம்." குரலைத் தாழ்த்தினார். "கட்டுரைய நான் இன்னும் படிக்கலம்மா."

பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு, வியர்த்த உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"பொடி எழுத்தா எழுது. முன்னால நான் பிட்டோட பிடிச்ச பயலுக பூராம் முதல் வரிசைல உக்காந்திருக்காய்ங்க!"