பன்னிரண்டு வாளி

"நாலு வாளி குறையுது மேஸ்திரி. இன்னிக்கு நேத்து இல்ல, ஆறு நாளா!"

தொழுவத்துச் சுவரில் கரியால் போட்டிருந்த கோடுகளைப் பண்ணைக்காரி விரலால் தட்டிக் காட்டினாள்.

ஆறு மாடு. மாட்டுக்கு இரண்டு வாளி சாணி, ஆக பன்னிரண்டு. அதே அளவு தண்ணீர். கரைத்து எரிவாயுத் தொட்டியில் ஊற்றினால் இரண்டு வேளைச் சமையலுக்கும் அடுப்பு நின்று எரியும். இரண்டு மாதமாக ஒரு நாள் பிசகியதில்லை.

இப்போது வருவது எட்டே வாளி. சாயங்காலச் சமையல் பாதியில் இருக்கும்போதே அடுப்பு கண்ணை மூடிக்கொள்கிறது.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் தொட்டியை மூடிட்டு சிலிண்டர் வாங்கிடுவேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "சாணியை நம்பி உலை வைக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்று கேலி வேறு.

"மூட விடமாட்டேன் மேஸ்திரி. ஆளோட ஆளா நானும் மண் சுமந்து கட்டின தொட்டி இது."

தொட்டியைக் கட்டிய மேஸ்திரி குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"கசிவு இல்லம்மா. தொட்டி திடமா இருக்கு. தீனி பத்தல, அவ்வளவுதான். வயிறு காஞ்சா அது மட்டும் எப்படி வேலை செய்யும்?"

"தீனி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தொழுவம் கூட்டுறவ இருக்காளே, அவ வேலைதான். வெளியில விக்கிறா."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? பிள்ளைக்குக் குடுன்னு தினம் அரை லிட்டர் பால் சும்மா குடுத்தேன். ஆறு நாளா 'வேணாங்க்கா'ங்கிறா. கையில காசு புரண்டா என் பால் எதுக்கு அவளுக்கு?"

மேஸ்திரி பதில் சொல்வதற்குள் தொழுவத்தின் பின்பக்கமிருந்து அவளே வந்தாள். கைக்கு ஒரு வாளி. இரண்டிலும் சாணி. தொட்டி இருக்கும் பக்கம் திரும்பாமல் நேராக வேலியை நோக்கி நடந்தாள்.

"நில்லுடி!"

அவள் நின்றாள்.

"தொட்டி இந்தப் பக்கம் இருக்கு. உனக்கு மட்டும் வழி மாறிப்போச்சா?"

"இல்லக்கா..."

"ரெண்டு மாட்டுக்குக் குளம்புல புண்ணுன்னு டாக்டர் வந்து ஊசி போட்டுட்டுப் போறாரே, அப்பக்கூட எனக்குப் பால் நாப்பது லிட்டருக்குக் குறையல. பால் குறையாத மாட்டுக்குச் சாணி மட்டும் குறையுமா? யார்கிட்ட விக்கிற, சொல்லு!"

"விக்கலக்கா. வேலியோரம் குழி வெட்டிக் கொட்டி மூடுறேன். வேணும்னா வந்து பாருங்க."

"கொட்டுறியா? ஏன், என் அடுப்பு எரியறது உனக்குப் பொறுக்கலயா?"

அவள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தாள்.

"இது ஊசி போட்ட மாட்டுச் சாணிக்கா. பத்து நாளைக்கு இதைத் தொட்டியில போடாதேன்னு டாக்டர் சொன்னார். இதுல மருந்து இருக்காம். தொட்டிக்குள்ள கேஸ் உண்டாக்குற கிருமியெல்லாம் செத்துப்போகுமாம்."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இவ காலைத் தொட்டுக் கும்பிடணும் நீங்க! இது உள்ளே போயிருந்தா தொட்டியே படுத்திருக்கும். மறுபடி எழுப்ப ரெண்டு மாசம் ஆகும். மாசக் கடைசியில உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சிருப்பார்."

பண்ணைக்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"அட பாவி, இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா? உன்னைப் போய்த் திருடின்னு..."

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"சொல்லத்தான் இருந்தேங்க்கா. சாணி சமாசாரத்தை டாக்டர் என்கிட்ட சொன்னார். பால் சமாசாரத்தை உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டதா சொன்னார்."

பண்ணைக்காரியின் பார்வை பால் கேன்கள் பக்கம் போய் வந்தது.

"மறுநாள் காலையில பார்த்தா, அந்த ரெண்டு மாட்டையும் கறந்து அந்தப் பாலையும் கேன்லதான் ஊத்துனீங்க. சாணிப் பேச்சை எடுத்தா பால் பேச்சும் கூடவே வரும். வந்தா என் வேலை போயிடும். அதான் வாயை மூடிக்கிட்டேன். தொட்டியில இருக்கிற கிருமிக்கே ஆகாததை எப்படிக் குடுக்கிறதுன்னு, என் பிள்ளைக்கு மட்டும் வேணாம்னுட்டேன்."

மேஸ்திரி சோப்பு வாளியை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

டாக்டர் போன் செய்தது உண்மை. "பத்து நாளைக்கு அந்தப் பால் வெளியே போகக்கூடாது" என்று அவர் இரண்டு தடவை சொன்னதும் உண்மை. "நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்று பண்ணைக்காரி சொன்னதும் உண்மை.

சுவரில் இருந்த கரிக்கோடுகளை அவள் பார்த்தாள். சாணிக்குத்தான் கோடு இருந்தது.

வாசலில் பால் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, பிள்ளைங்க விடுதியில காத்துக்கிட்டு இருப்பாங்க. நாப்பது லிட்டரும் ரெடிதானே?"