ஆடி அடங்கிய பாலம்

நூறு பேர் ஏறினால் தொங்குபாலம் ஆடி ஆடி அறுந்துவிடும் என்று கணித ஆய்வாளர் மங்கையர்க்கரசியின் கணினி சொன்னது. அதை நம்பிப் பாலத்தைப் பூட்டினார்கள். பன்னிரண்டு நாளாக ஊரே பரிசலில் ஆற்றைக் கடந்தது. நொடிக்குப் பத்து முறை ஆட்டத்தைக் கணக்கிட்டு வந்தவள், ஏதோ உறுத்த, இன்று காலை நொடிக்கு நூறு முறை கணக்கிட வைத்தாள். திரையில் பாலம் கொஞ்சம் ஆடி, பிறகு அடங்கியது. மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் அடங்கியது. இடைவெளி அகலமாக இருந்ததால் பிழைமேல் பிழை சேர்ந்து எகிறியது பாலமல்ல, அவள் கணக்கு. ஆற்றங்கரைக்கு ஓடி, பொறியாளர் சேவியரிடம், "தப்பு என்னுதுதான் சார்! பாலம் நல்லா இருக்கு!" என்று பரீட்சையில் தேறியவளைப் போலக் கத்தினாள்.

"தப்புன்னு எழுதிக் குடுத்துருங்க மேடம்" என்றார் அவர். சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பூட்டைத் திறந்தவர், "மொதல்ல நீங்க போங்க" என்றார்.

பரிசலுக்குக் காத்திருந்த கூட்டமும் பின்னாலேயே ஏறியது. நடுப்பாலத்தில் பலகை காலடியில் அசைந்தது. கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடினாள். பின்னால் யாரோ பீடி பற்றவைத்தார்கள், யாரோ வெங்காய விலை பேசினார்கள். அவள் ஒவ்வொரு விரலாகக் கம்பியை விட்டாள்.