அறுநூறுக்கு மேலே சிவப்பு

“கொஞ்சம் இருங்க பாய், சேலைக்கு ஒரு டெஸ்ட் இருக்கு” என்று விஜயபாஸ்கர் ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

துபாய் மீனா பஜாரில் இருபது வருஷமாகச் சேலைக்கடை நடத்தும் லுக்மான் பாய் இரண்டடி பின்வாங்கினார். “யா அல்லாஹ்! வெடிக்குமா தம்பி?”

“ஸ்பெக்ட்ரோமீட்டர் பாய். நானே செஞ்சது. ரெண்டு பிளேடுக்கு நடுவுல மயிரிழை சந்து, உள்ளே பழைய டிவிடித் துண்டு. சேலையில பட்டு வர்ற வெளிச்சத்தைக் கலர் கலராப் பிரிக்கும். பின்னாடி செல்போன் அதைப் பாத்து நம்பரோட கோடு போடும். அறுநூறுக்கு மேல மேடு வந்தா சிவப்பு. ஐந்நூத்தி முப்பதுக்கிட்ட வந்தா பச்சை.”

“கண்ணு எதுக்குத் தம்பி இருக்கு?”

“மூணு லீவா என் பொண்டாட்டி பானுமதி சிவப்புச் சேலை கேக்குறா. மூணு தடவையும் ஊர்ல பிரிச்சா பச்சை! ‘எவளுக்கோ வாங்கினதை என் தலையில கட்டுறீங்களா’ங்கிறா. இந்தத் தடவையும் பச்சைன்னா அம்மா வீட்டுக்குப் போயிடுவாளாம்.”

“கடை லைட் அப்படி. வீடியோ கால்ல காட்டிடேன்.”

“சர்ப்ரைஸ் போயிடுமே பாய்.”

உண்மை அதுவல்ல. அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்பு மறைத்ததை எட்டு வருஷம் கழித்து எப்படிச் சொல்வது? அவன் வேலை பார்க்கும் ராஸ் அல் கைமா குவாரி கேம்ப்பில் ரூமே சிரிக்க, பசை தடவி ஒட்டிய பெட்டி இது.

விஜயபாஸ்கர் வரும் வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் போல, சேலை எடுத்துப் போடும் சேல்ஸ்மேன் ஆகிலுக்கு லீவு. பாயே ஸ்டூலில் ஏறி ஒரு சேலையை உருவினார். “இந்தா, ரத்தச் சிவப்பு! யல்லா, உன் பெட்டிய வை.”

விஜயபாஸ்கர் வைத்தான். செல்போனில் கோடு எழும்பியது. மேடு ஐந்நூற்று முப்பதில் நின்றது.

“பாய், இது பச்சை! மூணு வருஷமா ஏமாத்தியிருக்கீங்க! எனக்கு இந்த ரெண்டு கலரும் பிரிச்சுத் தெரியாது. உங்களை நம்பித்தானே வாங்கினேன்!”

லுக்மான் பாய் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உனக்குமா?” என்றார். “ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் பாத்து, ‘நல்ல சிவப்பு பாய்’னு தலையாட்டினியே, அந்தத் தைரியத்துலதானே தம்பி நான் பில் போட்டேன்!”