ஊட்டுக்கு எடுத்து வெச்ச காய்

"அந்தக் குவியலைத் தொடாதீங்க அம்மணி. அது எங்க ஊட்டுக்கு."

தோப்புக்காரர் குமாரசாமி சொன்னதும் விமலாராணிக்குச் சுருக்கென்றது.

துடியலூரில் சின்னதாகச் சாக்லேட் செய்து விற்கிறவள் அவள். வாங்கித் தின்பது முக்கால்வாசி குழந்தைகள். போன தடவை வேறொரு தோப்பில் எடுத்த கோக்கோவில் பூச்சிமருந்து இருப்பதாகப் பரிசோதனையில் வந்து, செய்ததையெல்லாம் குப்பையில் கொட்டினாள். அதனால்தான் இந்தத் தடவை ஆனைமலைக்கு நேரிலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

"நாங்க மருந்தே அடிக்கிறதில்லீங்க" என்று குமாரசாமி போனில் அடித்துச் சொல்லியிருந்தார். இங்கே வந்து பார்த்தால் வீட்டுக்கு ஒரு குவியல், ஊருக்கு ஒரு குவியல். நல்லா இருக்கே நியாயம்.

"கோக்கோவை வீட்ல வெச்சு என்னங்ணா பண்றீங்க?"

"சும்மா... கொட்டை மேல இருக்கற சதையைச் சப்பித் திங்கறதுக்குங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூடமாட ஒத்தாசைக்கு வந்து காய் உடைத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துச் செல்லாத்தாள் சிரித்தாள்.

"அதெல்லாம் என்ற தோட்டத்து வேலியோரமா நிக்கிற இவரு மரத்துக் காயிங்க அம்மணி. அதுதான் ருசின்னு எப்பவும் ஊட்டுக்கு எடுத்துக்குவாரு. ஒரு காய் வெளிய உடமாட்டாரு."

விமலாராணிக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப எனக்கும் அந்தக் காயையே குடுங்ணா."

"அது முடியாதுங்க."

"ஏன், உங்க பிள்ளைங்க திங்கறதை எங்க பிள்ளைங்க தின்னாத் தொண்டையில இறங்காதா?"

"சொன்னாக் கேளுங்க அம்மணி. அதை மட்டும் தரமாட்டேன்."

"அப்ப எனக்கு எதுவுமே வேண்டாம். வர்றேன்."

விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தாள். குமாரசாமி பதறிப்போனார். அவளை நம்பித்தான் இந்த வெள்ளாமை முழுக்கப் பறித்துப் போட்டிருக்கிறார். பின்னாலேயே ஓடி வந்தவர், செல்லாத்தாள் காதில் விழாது என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, அதை நாங்களும் திங்கறதில்லீங்க. குழி வெட்டி மூடிப்போடுவோம்."

"என்னது?"

"செல்லாத்தாக்கா அவங்க கத்திரிச் செடிக்கு மருந்தடிக்கிறாங்க. காத்துக்கு அந்த வேலியோரத்து மரத்து மேல பட்டுருது. பட்ட காயை உங்களுக்கு எப்படிங்க தர்றது?"

"அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"போன வருசம் எங்க கோக்கோக் கன்னு ஒண்ணைக் கடிச்சுப்போடுச்சுன்னு, வளத்த ஆட்டையே வித்துப்போட்டவங்க. இது தெரிஞ்சா கத்திரியை உழுதுபோட்டுத்தான் மறுவேலை பார்ப்பாங்க. அதை வெச்சுத்தானுங்க மகளைப் படிக்க வைக்கிறாங்க. அந்த மருந்துக்குப் பதிலா வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கப் பழக்கிட்டு இருக்கேன், அடுத்த வெள்ளாமைக்கு மாறிக்குவாங்க. அதுவரைக்கும் ஊட்டுக்குன்னே இருந்துட்டுப் போகட்டுங்க."

விமலாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி வந்து, விற்க வைத்திருந்த பெரிய குவியல் முழுவதையும் தனக்கே எடுத்து வைக்கச் சொன்னாள்.

செல்லாத்தாளுக்கு ஆவல் தாங்கவில்லை. "ஏனுங்க அம்மணி, கடைசியில என்ற வேலியோரத்துக் காயையும் குடுத்துட்டாருங்களா?"

"எங்கங்க்கா," என்றாள் விமலாராணி. "அத்தனை ருசியாமே. எவ்வளவு கேட்டும் தரவே மாட்டேங்கறாரு."